பள்ளிச் சான்றிதழ் முதல் ஓய்வூதிய ஆணை வரை

பள்ளியிறுதி வகுப்பை முடித்து நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் பழைய மாணவர்கள் ஒன்றுகூடும் வழக்கம் அண்மைக் காலத்தில் நம் ஊர்களில் பெருகி வருகிறது. வந்திருக்கும் ஆசிரியருக்குப் பொன்னாடை, மறைந்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம், பள்ளிக்கு ஒரு குடிநீர்த் தொட்டி, பின்பு வாழையிலைச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் மரத்தடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கும் பேச்சே நம் கவனத்துக்கு உரியது. யார் எந்த வேலைக்குப் போனார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், மாதம் எவ்வளவு வருகிறது என்னும் மூன்று கேள்விகளை அப்பேச்சு சுற்றிச் சுற்றி வரும். முதலிரண்டு கேள்விகளுக்கும் எல்லாரும் உரக்கவே விடை சொல்வர். மூன்றாவதற்கு வரும்போது சிலர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவர்.

ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே ஆசிரியரிடம் ஒரே வாய்ப்பாட்டைப் படித்தவர்களின் முதுமை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? திறமை, உழைப்பு, ஊழ் என்று பலவற்றைச் சொல்லலாம். ஆயினும் கணக்கை எடுத்துப் பார்த்தால், எந்த ஆண்டில் பிறந்தார், எந்த வாசல் வழியே வேலைக்குள் நுழைந்தார், எந்தத் தாளைப் பத்திரப்படுத்தினார் என்பவை எதிர்பாராத அளவு பெரிய பங்கு வகித்திருப்பது தெரியவரும். இதை ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வது எளிது. நாம் எடுத்துக்கொள்ளும் ஊர், காவிரிக்கரைக் காட்டின் ஓரத்தில், கர்நாடகத்தின் தென்கோடியில் உள்ள தமிழ் பேசும் ஊரான கோபிநத்தம்.

இருந்த இடத்தில் மாறிய முகவரி

கோபிநத்தம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்கே பிறந்த வீரப்பனின் பெயர். அந்த ஊருக்கு அதனினும் பழைய வரலாறு ஒன்று உண்டு. கொள்ளேகால் வட்டம் முழுவதும் ஒருகாலத்தில் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அது மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டு மைசூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1973 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பின்னர் ஹனூர் தனி வட்டமானது.

1954-இல் அவ்வூரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, இன்று எழுபதைக் கடந்துவிட்ட ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டம், சென்னை மாநிலம். இரண்டு வயதில் மைசூர் மாநிலத்தவரானார். பள்ளியை முடித்ததும் மைசூர் மாநிலத்தில்தான். வேலை பார்த்த காலம் கர்நாடகம், மைசூர் மாவட்டம். ஓய்வு பெற்றது சாமராஜநகர் மாவட்டம். வீடு ஒரு முழம்கூட நகரவில்லை. அவருடைய பெட்டியில் உள்ள சான்றிதழ்களைப் பரப்பி வைத்தால் நான்கு வெவ்வேறு மனிதர்களுடையவை போலத் தோன்றும்.

முகவரியோடு பெயரும் மாறும். தமிழில் மாதன் என்று எழுதப்படுவது கன்னட ஏட்டில் மாத என்றாகும். மாதையன் மாதய்யா ஆவார். கோவிந்தன் கோவிந்த ஆவார். ஊரின் பெயரே தமிழில் கோபிநத்தம், கன்னடத்தில் கோபிநாதம். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுவர். வேறு அலுவலகங்கள் தந்தை பெயரை முழுமையாகப் பின்னால் எழுதும். பிறப்பைப் பதிவு செய்யாத காலமாதலால், பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் குறித்துக்கொண்ட நாளே பலருக்குப் பிறந்த நாளாயிற்று. ஐந்து வயது நிறைந்துவிட்டதாகக் காட்ட வேண்டுமென்பதற்காக ஓராண்டு கூட்டி எழுதுவதும் உண்டு. அன்று மைக்கூட்டில் தொட்டு எழுதிய அந்த ஒரு வரிதான் பின்னாளில் ஓய்வுபெறும் நாளைத் தீர்மானித்தது. மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர் பிறந்த தேதியைத் திருத்தக் கோருவதானால் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் கோர வேண்டும் என்பது விதி. பெரும்பாலோர் அதை அறிந்தது ஓய்வுக் கடிதம் கைக்கு வந்த பிறகே.

இது எல்லையோர ஊருக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ண வேண்டாம். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஈரோடு கோவையிலிருந்து பிரிந்தது. நம் வாடிக்கையாளர்களில் மூத்த தலைமுறையினர் பலர் இருந்த இடத்திலேயே இருமுறை, மும்முறை மாவட்டம் மாறியவர்கள்.

ஒரு வகுப்பு, மூன்று வாசல்கள்

1954-இல் பிறந்தவர்கள் பள்ளியை முடித்து வேலை தேடத் தொடங்கியது 1970-களின் தொடக்கத்தில். அவர்கள் முன் மூன்று வாசல்கள் இருந்தன என்று கொள்வோம். அரசுப் பணி ஒன்று. ஆலை அல்லது தனியார் நிறுவனம் மற்றொன்று. மேட்டூருக்கோ திருப்பூருக்கோ பெங்களூருக்கோ அது அழைத்துச் செல்லும். மூன்றாவது நிலம், கூலி, கல்லுடைத்தல், பரிசல் ஓட்டுதல் போன்ற, யாரும் பதிவேட்டில் எழுதாத வேலை.

அரசு வாசலில் நுழைந்தவர்களிடையேயும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. 2008-இல் கர்நாடகம் தன் ஊழியரின் ஓய்வு வயதை 58-இலிருந்து 60 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2020 வரை அது 58 ஆகவே இருந்தது. எனவே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆசிரியரானவர் 2012-இலும் இந்தப் பக்கம் ஆசிரியரானவர் 2014-இலும் ஓய்வு பெற்றிருப்பர். ஓய்வுக்குப் பின் இருவர் நிலையும் ஏறத்தாழ ஒன்றே. கடைசி அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாயாக இருந்து பணிக்காலமும் முழுமையாக இருந்தால், அதில் பாதியான 15,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம். அதன்மேல் அகவிலைப்படி, அது விலைவாசியோடு ஆண்டுக்கு இருமுறை ஏறும். ஊதியக் குழு வந்தால் அடிப்படையே உயரும்.

அந்த உரிமைக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1979-இல் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியபோது, குறித்த ஒரு நாளுக்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றது. 1972-இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நகாரா என்பவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு வந்தது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, செய்த பணிக்கான உரிமை. முன்னே ஓய்வு பெற்றவர், பின்னே ஓய்வு பெற்றவர் என்று பிரிப்பது சமத்துவத்துக்கு முரண் என்று நீதிமன்றம் கூறியது. டிசம்பர் 17 இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இரண்டாம் வாசலுக்கு வருவோம். ஆலைத் தொழிலாளிக்கு 1952 முதல் வருங்கால வைப்பு நிதி இருந்தது. மாத ஓய்வூதியம் 1995 நவம்பர் 16-இல்தான் வந்தது. 1954-இல் பிறந்தவருக்கு அப்போது 41 வயது. 58 வயது நிறையும் 2012 வரை அவருக்குக் கிடைத்த ஓய்வூதியப் பணிக்காலம் சுமார் 17 ஆண்டுகள். கணக்கிடும் முறை எளியது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவாயினும் அன்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட உச்சவரம்பு 6,500 ரூபாய். 6,500-ஐ 17-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,578 ரூபாய். அதற்கு முன் 1971-ஆம் ஆண்டின் குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் இருந்திருந்தால் அதற்காக ஒரு சிறு தொகை சேரும். இந்த ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது. 2012-இல் வந்த அதே தொகைதான் இன்றும் வரும்.

ஒரே வகுப்பில் படித்த இருவரில் ஒருவருக்கு 15,000 ரூபாயும் அதன்மேல் படியும்; மற்றவருக்கு 1,578 ரூபாய். பின்னவர் குறைவாக உழைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

2014 செப்டம்பர் 1 முதல் உச்சவரம்பு 15,000 ரூபாயாக உயர்ந்தது. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. அதற்குப் பின் பணியில் சேர்ந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றும் ஒருவருக்கு, இருபது ஆண்டு கடந்தவர்க்கு உரிய இரண்டாண்டுச் சலுகையைக் கூட்டி 35 ஆண்டு எனக் கொண்டால், 15,000-இல் பாதி, அதாவது 7,500 ரூபாய் கிடைக்கும். அவர் மறைந்தால் மனைவிக்கு அதில் பாதி, 3,750 ரூபாய். இத்தொகையை மட்டும் நம்பி முதுமையை நடத்த இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் இதையும் இழப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை மாறும்போதெல்லாம் வைப்பு நிதியை எடுத்துச் செலவழித்து, ஓய்வூதியக் கணக்கையும் முடித்துக்கொள்ளும் பழக்கம் பின்னலாடைத் தொழிலிலும் கட்டுமானத் தொழிலிலும் பரவலாக உண்டு. பத்தாண்டு பணி நிறையாதவருக்கு மாத ஓய்வூதியம் இல்லை. மூன்று நிறுவனங்களில் நான்கு நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர் கணக்கை மாற்றிக்கொண்டே வந்திருந்தால் பன்னிரண்டு ஆண்டுகள் சேர்ந்திருக்கும்; மும்முறை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாழ்நாள் முழுவதற்கும் ஒரே பொதுக் கணக்கு எண் தரப்படுகிறது. பிள்ளைகளோ பேரன்மாரோ ஆலையில் இருந்தால் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார்களானால் அன்றே ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

மூன்றாம் வாசலில் சென்றவருக்கு எந்தத் திட்டமும் உரிய வயதில் வந்து சேரவில்லை. பொது வருங்கால வைப்பு நிதி 1968-லேயே தொடங்கப்பட்டது உண்மை. அடுத்த ஆண்டு ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின. ஊர்ப்புறங்களில் கிளைகள் பெருகின. ஆனால் நாட்கூலி வாங்குபவர் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கும் சேமிப்பை எண்ணிப் பார்ப்பதெப்படி? தேசிய ஓய்வூதியத் திட்டம் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது 2009 மே 1 அன்று. 1954-இல் பிறந்தவருக்கு அப்போது வயது 55. சேமிக்க எஞ்சியிருந்தது ஐந்தே ஆண்டு. அடல் ஓய்வூதியத் திட்டம் 2015-இல் வந்தபோது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. அதில் சேரும் வயது வரம்போ 18 முதல் 40 வரை. வறியவர்க்கான தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 முதல் 500 ரூபாய். அதன்மேல் மாநிலங்கள் தத்தம் வசதிக்கேற்பக் கூட்டித் தருகின்றன.

அவருக்குப் பயன்படாத அத்திட்டம் அவருடைய பேரப்பிள்ளைக்குப் பயன்படும். அடல் திட்டத்தில் அறுபது வயதில் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் செலுத்த வேண்டும். 40 வயதில் சேர்பவர் அதே 5,000 ரூபாய்க்கு மாதம் 1,454 ரூபாய் செலுத்த வேண்டும். உறுப்பினர் மறைந்தால் அதே ஓய்வூதியம் துணைவருக்கு வாழ்நாள் முழுதும் வரும். இருவருக்கும் பின் திரண்ட தொகை நியமனதாரருக்குச் சேரும். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் இதில் சேர இயலாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஓய்வுக்கு வராத ஒரு பணிவாழ்வு

கோபிநத்தத்தைப் பற்றி எழுதும்போது ஒருவரை விட்டுச் செல்ல முடியாது. ஆந்திரத்து ராஜமுந்திரியைச் சேர்ந்த பி. ஸ்ரீநிவாஸ் 1954-இல் பிறந்தவர். நாம் மேலே எடுத்துக்கொண்ட வகுப்பினரின் வயதே. 1979-இல் இந்திய வனப் பணியில் சேர்ந்து கர்நாடகத்தில் பணியாற்றினார். வீரப்பனைப் பிடிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த காலத்தில், துப்பாக்கியால் மட்டும் அது முடியாது, அந்த ஊரின் வறுமை தீர வேண்டும் என்று அவர் கருதினார். கோபிநத்தத்து மக்களோடு வாழ்ந்தார். மருத்துவ வசதிக்கு வழி செய்தார். மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். சரணடைய வைக்கலாம் என்னும் நம்பிக்கையில் ஆயுதமின்றிக் காட்டுக்குள் சென்ற அவர் 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். 1992-இல் அவருக்குக் கீர்த்தி சக்கரா விருது வழங்கப்பட்டது. அவ்வூர் மக்கள் இன்றும் அவரைப் போற்றுகிறார்கள்.

வாழ்ந்திருந்தால் 2014-இல் அவர் ஓய்வு பெற்றிருப்பார். அத்தகைய ஒருவரின் வாழ்வை ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது சிறுமையாகும். நாம் அதைச் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்புப் படத்திலும் அறுபதை எட்டாதவர்கள் சிலர் உண்டு என்பதை அவர் நினைவு நமக்குச் சொல்கிறது. அறுபதுக்குப் பின் வேண்டிய பணத்தையே எண்ணும் திட்டம், அறுபதுக்கு முன் நேரக்கூடியதை மறந்துவிடுகிறது. பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டத்தில் 18 முதல் 50 வயதினர் ஆண்டுக்கு 436 ரூபாய் செலுத்திச் சேரலாம். எக்காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். சுரக்ஷா திட்டத்தில் 18 முதல் 70 வயதினருக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக்காப்பு. தொகை பெரிதன்று. ஆயினும் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் பிடிக்கப்படும் இந்தச் சிறு தொகைக்குரிய காப்பீட்டைக் குடும்பத்தார் அறியாமலே விட்டுவிடுவதும் உண்டு. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

வகுப்புப் படத்தில் இல்லாதவர்கள்

1970-களின் தொடக்கத்தில் எடுத்த பள்ளியிறுதி வகுப்புப் படங்களில் பெண்கள் மிகச் சிலரே இருப்பர். பெரும்பாலோர் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டுத் திருமணமாகி, ஐம்பது ஆண்டுகள் ஒரு வீட்டை நடத்தியவர்கள். அவர்களுடைய உழைப்புக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அவர்கள் பெயரில் கணக்கும் நெடுங்காலம் இல்லை. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தாலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களாலும் அந்நிலை மாறியது. 2023-இல் கர்நாடகம் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாயும், தமிழ்நாடு தகுதியுள்ள மகளிருக்கு மாதம் 1,000 ரூபாயும் அவர்கள் கணக்கிலேயே செலுத்தத் தொடங்கின. ஆற்றின் இரு கரையிலும் எழுபது வயதுப் பெண்மணிகள் தம் பெயரில் பாஸ்புத்தகம் பதிய வரிசையில் நிற்பதை இப்போது காணலாம்.

கணவருக்கு முன்னால் மனைவி மறைவதைவிட மனைவிக்கு முன்னால் கணவர் மறைவதே நம் குடும்பங்களில் மிகுதி. மனைவி வயதில் இளையவர் என்பதும் பெண்களின் ஆயுள் சற்று நீளம் என்பதும் காரணங்கள். எனவே ஓய்வூதியத் திட்டத்தின் கடைசிப் பத்து ஆண்டுகள் பெரும்பாலும் அவருடைய ஆண்டுகளே. அந்தப் பத்தாண்டைப் பற்றி அவரிடம் கேட்காமல் முடிவெடுக்கும் வழக்கத்தைத்தான் நாம் இன்னும் கைவிடவில்லை. ஓய்வின்போது வந்த மொத்தத் தொகை எங்கே போடப்பட்டது என்று மனைவிக்குத் தெரியாத வீடுகள் எத்தனையோ.

அந்த மொத்தத் தொகையைப் பற்றியும் ஒரு சொல். பணிக்கொடைச் சட்டம் 1972-இல் வந்தது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதைப் பணியாண்டுகளால் பெருக்கினால் கிடைப்பது பணிக்கொடை. கடைசிச் சம்பளம் 26,000, பணி 30 ஆண்டு என்றால் 4,50,000 ரூபாய். வாழ்நாளில் முதன்முறையாக லட்சங்களைக் கையில் காணும் தருணம் அது. மகள் திருமணம், மகன் வீடு, பழைய கடன் என்று அதற்கு முன்பே பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மகனின் படிப்புக்குக் கல்விக் கடன் கிடைக்கும். வீட்டுக்கு வீட்டுக் கடன் கிடைக்கும். முதுமைச் செலவுக்குக் கடன் தருவார் யார்? வீட்டை அடமானமாக வைத்து மாதந்தோறும் தொகை பெறும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007 முதல் நம் நாட்டில் உண்டு. எனினும் தெளிவான உரிமைப் பத்திரமுள்ள, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கே அது பொருந்தும். இந்தப் பக்கம் பஹணியும் அந்தப் பக்கம் பட்டாவும் இல்லாமல் காட்டோரத்தில் தலைமுறைகளாக உழுதுவரும் குடும்பங்களுக்கு அது எட்டாக்கனி.

சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பதிலும் அவசரம் வேண்டாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாக ஒப்புக்கொண்டு சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதி வைப்பது வழக்குக்குப் பெருந்துணையாகும். அன்புக்கு நிபந்தனை எதற்கு என்று பத்திரம் எழுதும் நாளில் யாரேனும் கேட்கத்தான் செய்வார்கள். நல்ல பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியால் குறைவதொன்றுமில்லை.

விலைவாசி என்னும் வகுப்புத் தோழன்

எழுபத்திரண்டை விலைவாசி உயர்வு விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகள். அறுபது வயதில் மாதம் 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 72 வயதில் 40,000, 84 வயதில் 80,000 வேண்டியிருக்கும். மருத்துவச் செலவு இதனினும் விரைவாக ஏறும்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004 ஆகஸ்டில் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அப்போது அறிவிக்கப்பட்ட வட்டி 8.2 சதவீதம். அந்த வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கொருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் வீதம் வரும். அறுபதில் இது போதுமானதாகத் தோன்றும். ஆனால் வட்டி முழுவதையும் செலவழித்துவிட்டால் முதல் தொகை அப்படியே நிற்கும். எழுபத்திரண்டிலும் வரவு ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே முதல் பத்தாண்டில் வரும் வட்டியில் ஒரு பகுதியையாவது திரும்பச் சேமிப்பில் இடுவது, பின் பத்தாண்டுக்கு அகவிலைப்படி போல உதவும். அரசு ஓய்வூதியருக்கு இந்தக் கவலை குறைவு. ஆலைத் தொழிலாளிக்கு இதுவே தலையாய கவலை.

பெட்டியைத் திறந்து பார்க்க

இனி நம் அலுவலோடு நேரடியாகத் தொடர்புடைய செய்திக்கு வருகிறோம். பத்தாண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு 2014 முதல் மாற்றப்படுகிறது. பணம் போய்விட்டதென்று பொருளில்லை. உரியவரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் தம் வங்கி வழியே கோரிப் பெறலாம். எந்தெந்த வங்கியில் தம் பெயரிலோ மறைந்தவர் பெயரிலோ அத்தகைய தொகை உள்ளது என்று தேட, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்கம் என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. மாதன் என்று தேடுபவர் மாத என்றும் தேடிப் பார்க்க வேண்டும். முதலெழுத்தை முன்னும் பின்னும் மாற்றி இட்டுப் பார்க்க வேண்டும். பழைய மாவட்டப் பெயரையும் மறக்கக் கூடாது.

பெயரும் பிறந்த தேதியும் ஆதார், நிரந்தரக் கணக்கு அட்டை, பாஸ்புத்தகம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றில் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வேறுபாடு இருந்தால் உரியவர் நேரில் வந்து திருத்திக்கொள்வது ஒருநாள் வேலை. அவர் மறைந்தபின் அதே வேறுபாட்டை விளக்க, வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், சாட்சிகள் என்று மனைவியும் மக்களும் பல மாதம் அலைய நேரும்.

நாமினி எனப்படும் நியமனதாரரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நெடுநாளாக நிலவுகிறது. நியமனதாரர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதியுடையவர். அதனாலேயே அவர் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உரிமை வாரிசுச் சட்டத்தின்படியோ உயிலின்படியோ அமையும். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பங்கிட்டும் குறிக்கலாம், ஒருவர் இல்லாவிடில் அடுத்தவர் என்று வரிசைப்படுத்தியும் குறிக்கலாம். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் தாயின் பெயரே இன்றும் நியமனதாரராக நிற்பதும், அந்தத் தாய் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருப்பதும் வழக்கமாகக் காணும் ஒன்று.

ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். எண்பது கடந்தோர் அக்டோபரிலேயே தரலாம். 2014 முதல் ஜீவன் பிரமாண் முறையில் கைரேகை வழியாகவும், பின்னர் முகப்பதிவு வழியாகவும் வீட்டிலிருந்தே இதைச் செய்ய வழி ஏற்பட்டிருக்கிறது.

எண்பது வயது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதமும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 சதவீதமும் கூடுதலாகக் கிடைக்கும். குடும்ப ஓய்வூதியம் பெறும் துணைவருக்கும் இது உண்டு. ஆனால் பழைய ஓய்வூதிய ஆணைகள் சிலவற்றில் கணவரின் பிறந்த தேதி மட்டுமே இருக்கும். மனைவியின் பிறந்த தேதிக்குரிய இடம் வெறுமையாகக் கிடக்கும். 1954-இல் பிறந்தவர்கள் எண்பதை எட்டுவது 2034-இல். அவ்வாணையை இப்போதே எடுத்து அந்த இடத்தைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால், இருவரும் சேர்ந்து ஆதாரோடும் கிடைக்கும் பள்ளிச் சான்றோடும் ஓய்வூதியம் பெறும் கிளைக்கு வந்து விண்ணப்பம் தரலாம். கிளை அதை ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும்.